சார்ல்ஸ்டன் திணைமயக்கம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் சார்ல்ஸ்டன் நகரம் ஐந்திணையுள் எதன்பாற்படும் என்ற கேள்விக்கு நம் இலக்கணங்களில் விடை இல்லை. தொல்காப்பியர் காலத்தில் அந்த ஊர் இல்லை என்பது ஒரு சமாதானம். ஊர் எழுந்தது 1670இல் என்பதால் பழைய உரையாசிரியர்களுக்கும் அதே சமாதானம் பொருந்தும். ஆனால் இப்போது தமிழர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போகிறார்கள். வண்ணமடித்த வீடுகளின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, திணை தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். இக்குறையை நீக்கும்பொருட்டு, சென்ற அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு எங்கள் குடும்பம் அங்கே தங்கி உண்டது. முடிபு திணைமயக்கம். அதற்கு ஆதாரம் வருமாறு.

ஆய்வுக் குழுவினர் ஐவர். அடியேன் மன்னார்குடிக்காரன், வயலும் வயல் சார்ந்த இடமும். மனைவி நாகப்பட்டினம், கடலும் கடல் சார்ந்த இடமும். ஆகவே எங்கள் திருமணமே ஒரு திணைமயக்கம் என்பதையும், இருபது ஆண்டுகளாக நான் சோற்றின் பக்கமும் அவள் குழம்பின் பக்கமும் நின்று வழக்காடி வருகிறோம் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்க. மகளுக்கு வயது பதினைந்து. எதையும் தின்னமாட்டாள், எல்லாவற்றையும் படமெடுப்பாள். மகனுக்கு ஒன்பது, நேர்மாறு. ஐந்தாமவர் என் மாமியார், நான் அழைப்பது அத்தை என்று. ஆறு மாத விசாவில் வந்திருந்தார். நாகை மீன் ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்து விலையைப் பாதியாக்கும் ஆற்றல் உடையவர் ஆகையால், நெய்தல் பற்றிய ஐயங்களில் இறுதித் தீர்ப்பு அவருடையது என்று புறப்படும் முன்பே முடிவாயிற்று. அவர் கையில் ஒரு பை, பையில் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். “எதுக்கும் இருக்கட்டும்” என்றார். ஆய்வுக்கருவிகள் இவ்வளவே.

முதலில் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். நிலத்தில் சிக்கல் இல்லை. ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே நீட்டிய நாக்குப் போன்ற நிலத்தில் பழைய ஊர் இருக்கிறது. இந்த இரண்டு ஆறுகளும் தங்கள் ஊர் முனையில் கூடித்தான் அட்லாண்டிக் பெருங்கடலை உண்டாக்குகின்றன என்பது அவ்வூரார் சொல்லும் பூகோளம். காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இந்த மனப்பான்மை புதிதல்ல; எங்களூரில் கடலைப் பற்றிப் பேசவேமாட்டார்கள், அது ஆறு போய் முடியும் இடம், அவ்வளவுதான்.

பொழுதுதான் சிக்கல். மருதத்துக்குச் சிறுபொழுது வைகறை. எங்கள் வீடிருக்கும் சார்லட்டிலிருந்து வைகறை நான்கு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். ஏழரைக்குக் கிளம்பினோம். மூன்றரை மணி நேரப் பயணம், வழியில் ஒரு கொட்டகை ஓரம் நிறுத்தியதில் நான்காயிற்று. நிறுத்தியதற்குக் காரணம், பலகையில் எழுதியிருந்த அவித்த கடலை. உப்பு நீரில் மணிக்கணக்கில் தோலோடு வெந்த நிலக்கடலை, ஈரத்தோடு பொட்டலத்தில் தருகிறார்கள். இதைத் தென் கரோலினா சட்டமன்றம் 2006இல் மாநிலத்தின் அதிகாரபூர்வத் தின்பண்டமாகச் சட்டம் போட்டு அறிவித்திருக்கிறது. அத்தை ஒன்றை உரித்து வாயில் போட்டு, “வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்டுல விக்கிறதுதான், உப்பு ஒரு கல்லு கூட” என்றார். இரண்டாவது பொட்டலத்துக்கு நானே இறங்கிப் போனேன்.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. எற்பாடு என்பது பொழுது சாயும் நேரமா, எழும் நேரமா என்று உரைகாரர்களுக்குள் வழக்கு உண்டு. அவ்வழக்கை நாங்கள் முடித்து வைத்திருக்கிறோம். சார்ல்ஸ்டனில் பேர்பெற்ற உணவகம் எதிலும் ஐந்து பேருக்கு இடம் கேட்டால் கிடைக்கும் ஒரே நேரம் மாலை 4:45. ஏழு மணியெல்லாம் மூன்று மாதம் முன்பே போய்விடுகிறது. ஆகவே எற்பாடாவது மாலை 4:45 என்க. அந்த நேரத்தில் பசிக்குமா என்று கேட்பது இலக்கணம் அறியாதார் கூற்று.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று, போனவர் வரவில்லையே என்று ஏங்குவது. முன்பதிவே எடுத்துக்கொள்ளாத உணவகங்களில் இதன் முழு வடிவத்தைக் காணலாம். வாசலில் ஒரு பெண் பெயரை எழுதிக்கொண்டு, நம் கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுக்கிறாள். இடம் ஒழிந்ததும் அது சிவப்பாக ஒளிர்ந்து அதிரும். அதுவரை நாம் தெருவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இலக்கணத்தில் ‘இரங்கல் நிமித்தம்’ என்று ஒன்று சொல்வார்களே, அது என்ன என்று கல்லூரியில் எனக்கு விளங்கியதில்லை. இப்போது கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் பிடித்திருந்தேன்.

ஏன் அங்கே நின்றோம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மருதத்தின் உரிப்பொருளான ஊடல் இங்குதான் தோன்றியது. இலக்கணப்படி ஊடலுக்குக் காரணம் தலைவன் பரத்தையிற் பிரிதல். இங்கே காரணம், தலைவன் சனிக்கிழமை மதியத்துக்குச் செய்த முன்பதிவு அடுத்த சனிக்கிழமைக்குரியது என்பது வேறொரு உணவகத்தின் வாசலில் தெரியவந்ததே. தலைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டாள். ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பாணன், தோழி, புதல்வன் முதலியோரைச் சொல்வர். மகளைத் தோழியாக அனுப்பினேன். அவள் போய், “அப்பா போன தடவையும் இதையேதான் பண்ணாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். புதல்வனை அனுப்பினேன். அவன் பசிக்கிறது என்றான். வாயில் இரண்டும் அடைபட்டன.

இனி கருப்பொருள். இந்த இயல் நீளும், ஏனெனில் வந்ததே இதற்காகத்தான்.

வில்லை அதிர்ந்து உள்ளே போனதும் முதலில் வந்தது இறாலும் கிரிட்ஸும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தைக் கரகரப்பாகத் திரித்த ரவை. அதைத் தண்ணீரிலோ பாலிலோ நேரம் எடுத்துக் கிண்டி, வெண்ணெய் போட்டு, மேலே இறாலை வதக்கி ஊற்றித் தருகிறார்கள். ஒரு தட்டு இருபத்தொன்பது டாலர். அத்தை அதை ரூபாயாக மாற்றிக்கொண்டிருந்ததால் முதல் இரண்டு நிமிடம் சாப்பிடவில்லை. பிறகு ஓர் ஓரமாக எடுத்து வாயில் வைத்தார்.

“ரவைக் கஞ்சி மாப்ள இது. எறா நல்லாருக்கு.”

“உப்புமான்னு சொல்லலாமா அத்தை?”

“உப்புமால கடுகு வேணும்ல?”

இந்த விடையின் இலக்கண நுட்பத்தை நான் ஊருக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். கடுகு தாளிக்காத எதுவும் உப்புமா அன்று. எனவே கிரிட்ஸ் உப்புமாவின் இனமே ஒழிய உப்புமா அன்று. அத்தை சொன்ன ‘கஞ்சி’ வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. இது முதலில் மீனவர் வீட்டுக் காலைச் சாப்பாடு. இறால் பருவத்தில், விற்றது போக மிஞ்சிய சிறு இறாலைக் கிரிட்ஸில் போட்டு விடியலில் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் பில் நீல் என்ற சமையற்காரர் இதை உணவக மேசைக்கு ஏற்றினார்; 1985இல் நியூயார்க் டைம்ஸில் கிரெய்க் கிளைபோர்ன் அதைப் பற்றி எழுதினார்; அதன்பின் தென் மாநிலங்களில் இறாலும் கிரிட்ஸும் இல்லாத உணவகப் பட்டியல் அரிதாயிற்று. மீனவர் கஞ்சி இருபத்தொன்பது டாலர் ஆவதற்கு நடுவே இருப்பது ஒரு செய்தித்தாள் மட்டுமே. நம்மூர்ப் பத்திரிகைகள் இதைக் கவனிக்க.

அடுத்து ‘ஷீ கிராப்’ சூப். பெண் நண்டின் சதையும் அதன் செம்மஞ்சள் சினையும் பாலேட்டில் கலந்து, கடைசியில் ஷெர்ரி என்னும் திராட்சைத் தேறல் சில சொட்டு விட்டுத் தருவது. 1909 வாக்கில் அதிபர் தாஃப்ட் மேயர் வீட்டு விருந்துக்கு வந்தபோது, வில்லியம் டீஸ் என்ற கறுப்பினச் சமையற்காரர் வழக்கமான நண்டு சூப்பில் சினையைச் சேர்த்துப் புதிதாக்கினார் என்பது ஊர்க்கதை. தேறல் விஷயத்தை நான் அத்தையிடம் சொல்லவில்லை. ஔவைக்கும் அதியமானுக்கும் ஆகிய ஒன்று அத்தைக்கு ஆகாது என்று தீர்மானிக்க நான் யார். அத்தை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கரண்டியால் அடியைத் துழாவினார்.

“இதுல சினை எங்க இருக்கு? முட்டைக் கருவ உதுத்துப் போட்டுருக்கான்.”

பரிமாறியவரைக் கேட்டதில் அவர் புன்னகை செய்தார், மறுக்கவில்லை. சினை கிடைக்காதபோது வெந்த முட்டை மஞ்சளை உதிர்த்துப் போடலாம் என்பது பழைய சமையல் புத்தகங்களிலேயே உள்ள விதிதான். முட்டைத்திரளை வயிற்றுக்கு வெளியே சுமந்து திரியும் நண்டைப் பிடிக்க மாநிலச் சட்டத்திலும் தடை இருக்கிறது. என்றாலும் பெயரில் பெண்ணைப் போட்டுவிட்டு உள்ளே கோழியைக் கொண்டுவருவது சொற்குற்றமா பொருட்குற்றமா என்ற கேள்வி நிற்கிறது. நாகையில் இதற்குப் பெயர் வேறு.

இதற்குள் மகன் பட்டியலைத் தானே படித்து, ‘சார்ல்ஸ்டன் ஐஸ்கிரீம்’ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்திருந்தான். காலையிலிருந்து நல்லபடியாக நடந்துகொண்டவன் ஆகையால் மறுக்க வாய் வரவில்லை. வந்தது. வெள்ளைக் கிண்ணம், ஆவி பறந்தது, மேலே வெண்ணெய் உருகி வழிந்தது. சோறு. வெறுஞ்சோறு. அரிசியை உதிர வடித்து, வெண்ணெய் போட்டு அடுப்பில் உலர்த்தியதற்குச் சார்ல்ஸ்டனில் செல்லப் பெயர் அது. மகன் கிண்ணத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஒன்பது வயதில் ஒருவன் தன் தகப்பனை அப்படிப் பார்க்கக் கூடாது. ஆனால் தலைவி சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாணனும் தோழியும் செய்யாததை ஒரு கிண்ணம் சோறு செய்தது. ஊடல் அந்த இடத்தில் தணிந்தது. மருதத்தில் வேறெது செய்யும்?

அந்தச் சோற்றை நான் எடுத்துக்கொண்டேன். ‘கரோலினா கோல்ட்’ என்னும் நெல். உமி பொன்னிறமாக இருப்பதால் அந்தப் பெயர். உள்ளே அரிசி வெள்ளைதான். மெல்ல இனித்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. சார்ல்ஸ்டன்காரர்கள் சோறு குழைந்தால் குடும்ப மானம் போனதாகக் கருதுவார்கள். பழைய வீடுகளில் சோற்றுக்கென்றே நீண்ட வெள்ளிக் கரண்டி வைத்திருப்பார்கள், கட்டில் கால்களில்கூட நெற்கதிர் செதுக்குவார்கள். சார்ல்ஸ்டன்காரரும் சீனரும் ஒன்று, இருவரும் சோறு தின்று முன்னோரைக் கும்பிடுபவர்கள் என்று அங்கே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. இந்தப் பட்டியலில் மன்னார்குடி விடுபட்டிருப்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த நெல் அழிந்து மீண்ட நெல். உள்நாட்டுப் போருக்குப்பின் சாய்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்து அடித்த சூறாவளிகளோடு கரோலினா கரையில் நெல் விவசாயம் முடிந்துபோயிற்று. 1980களின் நடுவில் ரிச்சர்ட் ஷுல்ஸே என்ற கண் மருத்துவர் அரசாங்க விதைக் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் விதை வாங்கி விளைவித்தார். பாரம்பரியத்தைக் காக்க அவர் அதைத் தொடங்கவில்லை. தன் நிலத்துக்கு வாத்துகள் வரவேண்டும், வந்தால் சுடலாம் என்பதே நோக்கம். வாத்துக்கு இந்த நெல் பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு நாட்டின் நெல்லினம் வாத்து வேட்டையின் துணைவிளைவாக உயிர்பெற்ற செய்தி, நம்மூரில் மரபு நெல்லுக்கு மாநாடு நடத்துவோருக்கு வேறொரு வழியையும் காட்டுகிறது.

பக்கத்து மேசையில் ‘ஹாப்பின் ஜான்’ போய்க்கொண்டிருந்தது. காராமணி இனத்துச் சிவப்புப் பயறும் அரிசியும் பன்றிக்கறியும் சேர்த்துப் பொங்குவது. 1847இல் சாரா ரட்லெட்ஜ் என்ற சார்ல்ஸ்டன் சீமாட்டி வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தாண்டு அன்று இதைத் தின்றால் காசு சேரும் என்று நம்பிக்கை. பன்றி என்றதும் அத்தை விலகிக்கொண்டாலும், கண்ணால் பார்த்தே “தட்டப்பயத்துச் சோறு” என்று பெயர் வைத்துவிட்டார். பிறகு வெண்டைக்காயும் தக்காளியும் போட்ட ஒரு குழம்பு. பிறகு ‘பென்னே’ என்ற எள்ளு பிஸ்கட்டு.

இந்த இடத்தில் ஆய்வாளனுக்கு ஒரு சபலம் வரும். அவித்த கடலை, பயத்தஞ்சோறு, வெண்டைக்காய்க் குழம்பு, எள்ளு. மாநிலக் கொடியைப் பார்த்தால் அதில் பனையினத்து மரம். பனம்பூ சேரர் சூடியது. இரண்டு புள்ளி கொடுத்தால் மீதியை வரைந்து, இவர்கள் கடல்கொண்ட நாட்டிலிருந்து பாய்மரம் ஏறிப்போன நம்மவர்களே என்று மேடையில் முழங்க ஆட்கள் இருக்கிறார்கள். நானும் சனிக்கிழமை இரவு விடுதி அறையில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படித்தான் யோசித்தேன்.

உண்மை எதிர்த்திசையில் இருக்கிறது. வெண்டை ஆப்பிரிக்கப் பயிர் என்பது பலர் கருத்து. ஆங்கிலத்தில் அதன் பெயரான ‘ஓக்ரா’வே மேற்கு ஆப்பிரிக்க மொழியிலிருந்து வந்தது. காராமணியும் ஆப்பிரிக்காவில் பிறந்தது. நாம் பழந்தமிழரின் சொத்து என்று நினைக்கும் புளிய மரமும் அங்கே தோன்றியதே. ‘பென்னே’ என்பதும் மேற்கு ஆப்பிரிக்கர் எள்ளுக்கு வைத்த பெயர். நம் தட்டும் அவர்கள் தட்டும் ஒன்றுபோல் இருந்ததென்றால், இரண்டிலும் பெரும்பகுதியை ஆப்பிரிக்கா நிரப்பியிருக்கிறது. நம் நாட்டுக்கு எப்போதோ அமைதியாக வந்து சேர்ந்தது. சார்ல்ஸ்டனுக்கு வந்த வழி வேறு.

ஞாயிறு காலை ஒரு பழைய நெல்வயல் பக்கம் போனோம். இப்போது புல்லும் நீரும் நாரையும்தான். ஆனால் கரைகள் தெரிகின்றன, மதகு இருந்த இடம் தெரிகிறது. இங்கே நான் ஒரு கண்டத்திலிருந்து தப்பினேன். திணை மயங்கலாம், ஆனால் ஒரு நிலம் இன்னொரு நிலத்தோடு மயங்காது என்பது தொல்காப்பிய விதி. கடல் ஏறி இறங்கும் ஓதத்தால் நெல் விளைவித்த ஊர் என்று படித்ததும் விதி உடைந்தது என்று பயந்துவிட்டேன். உடையவில்லை. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றின் வாயில் புகுந்து, மேலிருந்து வரும் நன்னீரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்துகிறது. உப்பு நீர் கனமானது, அடியில் நிற்கும். நன்னீர் மேலே மிதக்கும். ஓதத்தின் உயர்வு எட்ட வேண்டும், ஆனால் உப்பு எட்டக் கூடாது. ஆற்றில் அந்த இடம் பார்த்துக் கரை கட்டி, ஏற்றத்தில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் விட்டு, இறக்கத்தில் வடித்தார்கள். மதகுக்கு அங்கே ‘டிரங்க்’ என்று பெயர். அதாவது அடிமரம், முதலில் மரத்தண்டைக் குடைந்துதான் செய்தார்கள். எங்களூரில் அதைத் தூம்பு என்போம். ஆகவே கடலின் தோள் வயலுக்கு உதவியதே தவிர, நாக்கு வயலைத் தொடவில்லை. தொல்காப்பியர் தப்பினார்.

இந்தக் கணக்கு யாருக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஒரு பழைய கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பல் ஒன்று பழுதுபார்க்க ஒதுங்கியது, அதன் தலைவன் ஒரு மூட்டை விதைநெல்லைப் பரிசாகக் கொடுத்தான், வெள்ளைத் தோட்ட முதலாளிகள் மீதியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அன்றைய இங்கிலாந்தில் நெல் விளையவில்லை. நெல்லைக் கண்ணால் பார்த்திராதவர்கள் நாற்றும் நீரும் களையும் தாங்களே கண்டுபிடித்ததாகச் சொன்னால் மன்னார்குடியில் ஒரு பிள்ளைகூட நம்பாது. பீட்டர் வுட் 1974இலும் ஜூடித் கார்னி 2001இலும் எழுதிய நூல்கள் வேறு விடையை முன்வைத்தன. செனகாம்பியா முதல் சியரா லியோன் வரையான மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் தலைமுறைகளாக நெல் விளைவித்தவர்கள் இருந்தார்கள். சதுப்பிலும் ஓத நீரிலும் கரை கட்டி விளைவித்தவர்கள். அவர்களைப் பிடித்து வந்தார்கள். 1708 அளவிலேயே இந்தக் குடியேற்றத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தார் அதிகம். கரையை வெட்டியவர்களும் அவர்கள், அறுத்தவர்களும் குத்தியவர்களும் அவர்கள், சமைத்தவர்களும் அவர்களே. வெள்ளிக் கரண்டி மட்டும் வேறொருவருடையது.

கேட்ஸ்டன் துறை என்று கூப்பர் ஆற்றோரம் ஓர் இடம். அமெரிக்கா 1808இல் அடிமை இறக்குமதியைத் தடை செய்யும்வரை கப்பல்கள் அங்கே ஆட்களை இறக்கின. வட அமெரிக்காவில் வேறெந்தத் துறைமுகத்தையும்விடச் சார்ல்ஸ்டனில் இறக்கப்பட்டவர்கள் அதிகம். அந்த இடத்தில் 2023இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடம் தரையைத் தொடவில்லை. 18 தூண்கள் அதை 13 அடி உயரத்தில் தாங்குகின்றன. கீழே தரையை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நாங்கள் அந்த நிழலில் நின்றோம். நெய்தலில் இரங்குபவள் கரையில் நிற்பாள், கடலில் போனவன் வருவான் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கும். வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின நாள் நான் சொன்ன வேடிக்கை நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் சந்தைக்குப் போனோம். ஸ்வீட்கிராஸ் என்னும் மணமுள்ள புல்லைச் சுருட்டிச் சுருட்டித் தைத்த கூடைகளைப் பெண்கள் அங்கேயே உட்கார்ந்து முடைந்து விற்கிறார்கள். கல்லா என்று அந்த மக்களுக்குப் பெயர்; அடிமைகளாய் வந்தவர்களின் வழியினர். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், விளிம்பு தாழ்ந்து அகன்ற வட்டத் தட்டு ஒன்றின் முன் நின்றுவிட்டார்.

“இது மொறம்.”

அதற்கு அங்கே ‘ஃபேனர்’ கூடை என்று பெயர், குத்திய நெல்லைப் புடைப்பதற்கானது என்று நான் பலகையைப் படித்துச் சொல்வதற்குள், அத்தை அதைக் கையில் எடுத்து, இல்லாத அரிசியை இரண்டு தட்டு தட்டி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உமியைக் காற்றில் விட்டார். முடைந்துகொண்டிருந்த அம்மாள் ஊசியை நிறுத்திப் பார்த்தார். அறுபது, அறுபத்தைந்து வயதிருக்கும். தன் பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்தார். அதே இரண்டு தட்டு, அதே மணிக்கட்டு வெட்டு. கடைசியில் மட்டும் ஒரு சின்னச் சுழற்று அதிகம். அத்தை அந்தச் சுழற்றைக் கவனித்தார். திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கையால் கேட்டார். அவர் காட்டினார். அத்தை செய்தார். சரியாக வரவில்லை. அந்த அம்மாள் எழுந்து வந்து அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். இருவருக்கும் பொது மொழி ஒரு சொல்கூட இல்லை. கால் மணி நேரம் இல்லாத அரிசியைப் புடைத்தார்கள். மகள் படமெடுக்க மறந்துவிட்டாள்.

விலையைக் கேட்டேன். அத்தை அதை ரூபாயாக மாற்றவில்லை. ஒரு கூடை முடிய எத்தனை நாளாகும் என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். வாரக்கணக்கில் என்று பதில் வந்தது. “அப்ப சரிதான்” என்றார். வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் துணிப்பையில் கட்டிய கரோலினா கோல்ட் அரிசி இரண்டு பவுண்டு எனக்காக வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் காரின் சக்கரம் பாதி நீரில் நின்றது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. இலையுதிர் காலத்தில் ஓதம் மிக உயரும் நாள்களில் மழையே இல்லாமல் கடல் சாக்கடை வழியாக மேலேறித் தெருவுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடந்தார்கள். மேட்டில் நிறுத்தலாம் என்று தலைவி காலையில் சொன்னதும், இதுதான் நிழல் என்று நான் சொன்னதும் ஆவணத்துக்காகக் குறிக்கப்படுகின்றன. ஊடல் இரண்டாம் முறை தோன்றியது. நெய்தலுக்குத் தெய்வம் வருணன் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிலம் மயங்காது என்ற விதியைப் பற்றி அப்போது நான் பேசவில்லை.

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்த அரிசியில் ஒரு பகுதியைப் புது முறத்தில் கொட்டினார். கல்லோ உமியோ ஒன்றும் இல்லை. இருந்தாலும் புடைத்தார், கடைசிச் சுழற்றோடு. வடித்தார். நான் உதிரியாகச் சாப்பிட்டேன். மற்றவர்கள் களைப்பில் படுத்துவிட்டார்கள். மிஞ்சிய சோற்றில் அவர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்ததைப் பார்த்தேன். இருநூறு மைல் போய் வாங்கி வந்த அரிசி ஆயிற்றே என்று சொல்ல வாயெடுத்து, மருமகன் என்ற முறையில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் அதைப் பிசைந்து, கல்லுப்புப் போட்டு, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை முதல்முறையாகத் திறந்து, ஒரு டம்ளரில் மகன் கையில் கொடுத்தார்.

“என்ன அம்மாச்சி இது?”

“அன்னைக்குக் கேட்டியே, ஐஸ்கிரீம்தான். உருகிருச்சு. குடி.”